அத்திப்பள்ளியில் நீங்கள் பார்த்த எந்திரம்

சார்,

மாம்பழக் காலம் வந்துவிட்டது. காவேரிப்பட்டினம் பக்கம் பஸ்ஸில் போனால், மாங்கூழ்க் கம்பெனிகளின் பின்னால் குவித்துப் போட்ட கொட்டைகள் புளித்து நாறுகின்றன. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வருகிறது. செத்தவரைப் பற்றித் தப்பாகப் பேசக் கூடாது என்பார்கள். நான் உங்களைப் பற்றிப் பேசவில்லை, உங்களிடமே பேசுகிறேன்.

எண்பதுகளில் ஓசூரை ஒட்டிய ஜூஜுவாடியில் அண்ணனும் நானும் ஒரு லேத் பட்டறை வைத்திருந்தோம். மாங்கொட்டையை உடைத்து, உள்ளே இருக்கும் பருப்பை நசுக்காமல் தனியே தள்ளுகிற எந்திரம் ஒன்றை அண்ணன் செய்தார். எண்ணெய்க்காகப் பருப்பை வாங்க ஆள் இருந்தது. ஆனால் ஒரு சீசன் முழுக்க ஓட்டிப் பார்த்தால்தான் தொழிலாக நிற்குமா என்று தெரியும். அந்தச் சோதனைக்கென்றே அரசாங்கம் மானியம் கொடுத்தது. யோசனை புதுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சாமி வரம் கொடுக்கத் தயார். பூசாரியாக நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்.

உங்கள் ஆபீசுக்கு நான்தான் வருவேன். வந்தபோதெல்லாம் ஒரே கேள்வி.

"ஏம்மா, இந்த மாதிரி வேற எங்கயாச்சும் ஓடுதா?"

"இல்லீங்க சார், புதுசுங்க."

"எங்கயும் ஓடாததை எதை நம்பிம்மா நான் சிபாரிசு பண்றது?"

நீங்கள் லஞ்சம் கேட்டிருந்தால் கடன் வாங்கியாவது கொடுத்துத் தொலைத்திருப்போம். நேர்மையான மனுஷர். அதுதான் எங்கள் கெட்ட காலம்.

அண்ணன்தான் வழி சொன்னார். "எங்கனா ஓடறதப் பாத்தாத்தான் நம்புவாரா? ஓட்டிக் காட்டிடலாம், வுடு."

கர்நாடக எல்லை எங்களுக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. எந்திரத்தை டெம்போவில் ஏற்றி, அத்திப்பள்ளியில் தெரிந்தவர் ஷெட்டில் இறக்கினோம். அங்கே ஒன்று ஓடுகிறது, வந்து பாருங்கள் என்று உங்களை அழைத்துப் போனேன். அண்ணனை நீங்கள் அதுவரை பார்த்ததில்லை. ஷெட்டின் முதலாளியாகவும் எந்திரத்தைச் செய்தவராகவும் அவரே நின்றார், வாய் திறந்தால் கன்னடம். எங்கள் பக்கம் அது யாருக்குத்தான் வராது? "நோடி சார்" என்று உங்களைப் பார்க்கச் சொல்லிக் கொட்டைகளைப் போட்டார். பருப்பு உடையாமல் முழுசாக வந்து விழுந்தது. நீங்கள் ஒன்றை எடுத்து முகர்ந்தீர்கள். அண்ணன் கையைப் பிடித்துக் குலுக்கினீர்கள். வேலை முடிந்தது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும்போது ஜீப்பில் சொன்னீர்கள். "அதான் கர்நாடகாவுலயே ஓடுதேம்மா. அப்புறம் உங்களோடதுல என்ன புதுசு?"

மனுவைத் தள்ளிவிட்டீர்கள். அது எங்கள் எந்திரம்தான் என்று சொன்னால் ஏமாற்றுக்காரி என்பீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். சொந்தக் காசில் சீசன் முழுக்க ஓட்டிப் பார்க்க எங்களுக்கு வக்கில்லை. எந்திரம் பழைய இரும்புக்குப் போனது, பட்டறை பின்னாலேயே போனது. அண்ணன் ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டுக்குச் சேர்ந்தார். இந்த வயசிலும் யாரோ வரைந்து கொடுக்கிற படத்துக்குத்தான் கடைந்துகொண்டிருக்கிறார். சொந்தமாக எதையும் செய்து பார்க்கவில்லை.

போன வாரம் உங்கள் காரியத்துக்கு வந்திருந்தேன். துக்கத்தால் இல்லை, நிஜமாகவே போய்விட்டீர்களா என்று பார்க்கத்தான். உங்கள் மகன் காபி கொடுத்தார். பழைய பேச்சு வந்தது.

"அப்பா அடிக்கடி சொல்வாருங்க. சர்வீஸ்ல எத்தனையோ பேர் புதுசு புதுசுன்னு வந்தாங்களாம். அத்திப்பள்ளியில ஒரு கன்னடக்காரர் செஞ்ச மாங்கொட்டை மெஷின் மட்டும்தான் அசல் மூளையாம். நம்மாளுங்களுக்கு அது வராதுன்னுவாரு."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். மாலை போட்ட உங்கள் படத்தை ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது. அந்தப் பையன் என்ன பாவம் செய்தான்? எழுந்து வந்துவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். என்னைப் போலவே கொதிப்பார் என்று நினைத்தேன். அவர் சாப்பாட்டில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"மெஷினு நல்லா இருந்துச்சுன்னு சொன்னாரா?"

"சொன்னாராம்."

"நெசமாவா?"

அவர் அப்படிக் கேட்டதற்காகவே, சார், உங்களை நான் மன்னிக்கப் போவதில்லை.