நிழல் இல்லாத மேகம்

மார்ச் 4

ஏசி மறுபடியும் ஒழுகுகிறது. என் மேசைக்கும் ஜூம் மேசைக்கும் நடுவில் வாளி வைத்தாயிற்று. (எந்தப் படத்தைக் கொடுத்தாலும் முதல் வேலையாகப் பெரிதாக்கிப் பார்ப்பதால் அவருக்கு ஜூம் என்று பெயர். சொந்தப் பெயர் சொன்னால் அவரே திரும்பிப் பார்ப்பாரோ என்னவோ.) செயற்கைக்கோள் படங்களை வைத்து ஊர் உலகமெல்லாம் நிலம் எப்படி மாறுகிறது என்று சொல்லும் அலுவலகம் இது. சொந்தத் தலைக்கு மேலே ஒழுகுவதை மட்டும் யாரும் பார்ப்பதில்லை.

மதியம் அக்கா போன். துணி காயப்போட்டால் மாவில் புரட்டி எடுத்தது போல வருகிறதாம்.

"ஏன்டி, உங்க ஆபீஸ் மேப்புல எங்க மலை பச்சைப் பசேல்னு இருக்காமே? குவாரிக்காரன் அதைத்தான் எல்லார்கிட்டயும் நீட்டுறான். உங்க சாட்டிலைட்டுக்குக் கண்ணு தெரியலைன்னா ஒரு கண்ணாடி வாங்கி மாட்டி விடு."

மே மாதம் விசாரணை. கல்குவாரியை வீடுகளின் பக்கமாக இன்னும் நீட்டிக்க அனுமதி கேட்டிருக்கிறார்கள். கிடைத்துவிட்டால் அக்கா வீட்டுப் பின்சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெடி வைப்பார்கள். பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. தூசி எந்த ரோட்டிலிருந்தும் வரலாமே?

மார்ச் 5

ரோட்டிலிருந்து வரவில்லை.

நாங்கள் வெளியிடும் வரைபடம் அப்படியே வானத்திலிருந்து விழுவதில்லை. மேகம் மறைத்த இடங்களை இயந்திரம் கண்டுபிடித்து வெட்டிவிடும். மேகம் இல்லாத ஏதோ ஒரு பழைய படத்திலிருந்து அதே இடத்தை எடுத்து ஒட்டும். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப்போடுகிற வேலை. இன்று ஒட்டுப்போடாத மூலப் படத்தைத் திறந்தேன். அக்கா வீட்டுக்கு மேலே வெள்ளையாக ஒரு திட்டு. இயந்திரம் அதன் மேல் எழுதியிருந்தது: மேகம். ஜனவரி படத்தைத் திறந்தேன். அங்கேயும் மேகம். போன கோடையில் ஒரு சொட்டு மழை இல்லாத மாதம் ஒன்று இருந்ததே, அதிலும் மேகம்.

ஜூமைக் கூப்பிட்டேன். "மலைன்னா மேகம் வரத்தான் செய்யும்" என்றபடியே பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மூக்கு திரையில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

"நிழல் எங்க?" என்று கேட்டேன்.

மேகம் என்றால் கொஞ்சம் தள்ளித் தரையில் அதன் நிழல் கறுப்பாக விழும். அந்தப் படத்தில் இருந்த மற்ற எல்லா மேகத்துக்கும் நிழல் இருந்தது. இதற்கு மட்டும் இல்லை. ஏனென்றால் இது தரையிலேயே கிடக்கிறது. உடைத்த பாறை, கல் மாவு. வெயில் பட்டால் மேகத்தைப் போலவே பளீரென்று அடிக்கும். இயந்திரம் ஏமாந்துவிட்டது. நாலு வருஷமாகக் குவாரிக்காரன் மலையை வெட்ட வெட்ட, நாங்கள் அதன் மேல் பழைய காட்டை எடுத்து ஒட்டிக்கொண்டே இருந்திருக்கிறோம்.

மார்ச் 6

கிடைத்த எல்லாப் படங்களையும் பார்த்துவிட்டேன். மேகம் நகரவில்லை. வளர்கிறது, வீடுகளைப் பார்த்து.

மார்ச் 8

இயக்குநர் அறை. அங்கே ஏசி ஒழுகுவதில்லை.

படங்களை மேசையில் பரப்பினேன். பொறுமையாகத்தான் பார்த்தார். புரியாமல் இல்லை, முகத்திலேயே தெரிந்தது.

"நாலு வருஷ ரிப்போர்ட்லயும் என் கையெழுத்து இருக்கும்மா."

"தெரியும் சார்."

"எல்லாம் தப்புன்னு நானே போய்ச் சொல்லணுமா? மெஷின் மேகம்னு சொல்லுது. நீ என்ன, மெஷினை விடப் பெரிய ஆளா?"

"ஆமா சார்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்தது வந்ததுதான். திருப்பி எடுத்துக்கொள்ள மனசும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

மார்ச் 11

அடித்தளத்தில் இருக்கும் பழைய வரைபட அறைக்கு மாற்றிவிட்டார்கள். 'நிர்வாகக் காரணங்களுக்காக.' ஜன்னல் கிடையாது. கரப்பான்பூச்சிகள் உண்டு. வானத்தைப் பார்க்கிறவளைப் பாதாளத்தில் போட்டால் அடங்கிவிடுவாள் என்று நினைப்பு.

மூலப் படங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் எடுக்கலாம் என்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு அவர் நாற்காலியும் வேண்டாம், அவர் கணினியும் வேண்டாம். என் வீட்டு லேப்டாப் போதும்.

மார்ச் 17

அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு விரிசல். மாமா அதன் மேல் காலண்டரை மாட்டியிருக்கிறார். காலண்டர் போதவில்லை.

பின்பக்கம் ஏறிப் பார்த்தோம். குடியிருப்புக்கும் குவாரிக்கும் நடுவில் வரிசையாக எல்லைக் கற்கள் இருந்தன. இப்போது இரண்டு முனைகளில் மட்டும் இருக்கின்றன. ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இன்னொன்று சாலை வளைவில். நடுவில் இருந்தவை எங்கே என்று கேட்டால், "ஜல்லியா போயிருக்கும்" என்கிறாள் அக்கா. சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமாதான் பயப்படுகிறார். "உனக்கு எதுக்குமா வம்பு? வேலைக்கே உலை வெச்சிடுவாங்க."

நான் பதில் சொல்வதற்குள் அக்கா: "அவ வேலை போனா நம்ம கடையில நாற்காலி தூக்கட்டும். வீடு போனா நீங்க எங்க காலண்டர் மாட்டுவீங்க?"

அக்காவுக்கு வாடகைக் கடை. நாற்காலி, பெரிய அண்டா, நீலத் தார்ப்பாய் - கூட்டம் கூடுகிற இடத்துக்கு என்ன வேண்டுமோ அது. அவள் குரலும் அந்த அளவுக்குத்தான் இருக்கும்.

மார்ச் 20

விசாரணை அலுவலகத்துக்கு என் படங்களை அனுப்பியிருந்தேன். இன்று போன் செய்தார்கள். குவாரியின் பொறியாளர் ஒரு விளக்கம் கொடுத்திருக்கிறாராம்: செயற்கைக்கோள் படம் கொஞ்சம் நகர்ந்து விழுமாம், அதனால் வெள்ளைத் திட்டு எல்லைக்கு எந்தப் பக்கம் என்று உறுதியாகச் சொல்ல முடியாதாம்.

என்ன கொழுப்பு பாருங்கள். காதில் பூச்சுற்றுவதையும் கணக்குப் போட்டுச் சுற்றுகிறான். படம் நகருமாம், மலை நகராதாம், அவன் மட்டும் நகர்ந்து நகர்ந்து என் அக்கா வீட்டுக் கொல்லைக்கு வருவானாம்! கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேன். கேட்கக் கரப்பான்பூச்சிதான் இருந்தது.

எல்லை எங்கே என்று படத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். தரையில் ஓர் அடையாளம் வேண்டும். அக்கா வீடெல்லாம் அதில் ஒன்றிரண்டு புள்ளிதான். ஒரு கல்லை எப்படிக் காட்டுவது?

மார்ச் 23

அக்காவிடம் போனில் புலம்பிக்கொண்டிருந்தேன். "எவ்வளவு பெரிசா இருந்தா உன் சாட்டிலைட்டுக்குத் தெரியும்?" என்று கேட்டாள். ஒரு பெரிய கல்யாண மண்டபக் கூரை அளவு என்றேன்.

"என்ன கலர்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தோம்.

மார்ச் 31

செயற்கைக்கோள் ஐந்து நாளுக்கு ஒரு முறை, காலையில் கடந்து போகும். விடிந்ததும் ஆரம்பித்தோம். குடியிருப்பில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். இரண்டு எல்லைக் கற்களில் ஒவ்வொன்றையும் நடுவில் வைத்து, மண்டபக் கூரை அளவுக்குத் தார்ப்பாய்களைச் சேர்த்துக் கட்டித் தனித்தனியாக விரித்தோம். காற்று ஒரு முனையைத் தூக்கினால் அக்கா தெருத் தையற்காரர் ஓடிப்போய் உட்கார்ந்துகொள்வார். அவருக்கு நல்ல உடம்பு. "இன்னிக்காவது இது உபயோகப்படட்டும்" என்றார்.

குவாரி மேற்பார்வையாளர் பைக்கில் வந்தார். "என்னம்மா இது?"

"தார்ப்பாய் காயுது," என்றாள் அக்கா.

"எதுக்கு இங்க?"

"எங்க வீட்டு மாடியில காயப்போட்டா உங்க மாவு விழுது."

அவர் போய்விட்டார். நேரம் வந்தபோது எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் பார்த்தார்கள். மாமா கை ஆட்டினார்.

ஏப்ரல் 1

படம் வந்தது. முழுக்க மேகம். நிஜ மேகம், நிழலோடு. அட சனியனே.

அக்காவிடம் சொன்னேன். "எடுக்கப் போறதில்ல. அஞ்சு நாள்தானே, கிடக்கட்டும்" என்றாள். இந்த வாரம் வாடகைக்குக் கேட்டவர்களிடம் தார்ப்பாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டாளாம்.

ஏப்ரல் 5

தெரிகிறது! இரண்டு நீலத் திட்டுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்தால் அதுதான் எல்லை. வெள்ளை அந்தக் கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு கிடக்கிறது. படம் நகர்ந்தால் தார்ப்பாயும் சேர்ந்துதானே நகரும்? நகரட்டும், எங்கே வேண்டுமானாலும் நகரட்டும்.

அழுதேன். சந்தோஷத்தில்தான் என்று எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 12

இயக்குநர் அடித்தளத்துக்கே இறங்கி வந்தார். மூக்கைப் பொத்திக்கொண்டு. "விசாரணைக்குப் போனா அலுவலகத்துக்கு எதிராப் பேசினதா ஆகும். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"நீங்க ஒண்ணும் பண்ணாததாலதான் சார் நான் போறேன்."

அவர் படியேறிப் போய்விட்டார். வேலை போய்விடுமா? போகட்டுமே. போனால் என்ன செய்வேன்? தெரியாது. பயமாக இருக்கிறது, நன்றாகவே பயமாக இருக்கிறது. ஆனால் அந்தக் காட்டை நான் இன்னொரு முறை ஒட்ட மாட்டேன். அவ்வளவுதான்.

ஏப்ரல் 19

ஜூம் சாப்பாட்டு டப்பாவோடு கீழே வந்தார். விசாரணைக்கென்று அச்சிட்ட புது அறிக்கையை என் முன்னால் வைத்து, ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டு, சாப்பிட ஆரம்பித்தார்.

"மலைச்சரிவில் வனப்பரப்பு மாற்றமின்றி உள்ளது. இரண்டு புதிய குளங்கள் உருவாகியுள்ளன."

இரண்டு முறை படித்தேன். குளங்கள்! நீலத்தைப் பார்த்ததும் இயந்திரம் தண்ணீர் என்று எழுதியிருக்கிறது. சதுரமான குளம், கொளுத்துகிற கோடையில், சரிவில். அதன் கீழே இயக்குநரின் கையெழுத்து.

"நீங்க சொல்லலையா?"

"நான் என்ன, மெஷினை விடப் பெரிய ஆளா?" என்றார் ஜூம். வாயில் சோறு இருந்ததால் புரையேறிவிட்டது. முதுகில் தட்டிக்கொண்டே நானும் சிரித்தேன். கரப்பான்பூச்சிகள் எல்லாம் ஓடிவிட்டன.

மே 14

உடம்பெல்லாம் வலிக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

கூடம் நிறைய ஆள். நான் அலுவலக வரிசையில் உட்காரவில்லை. அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். இயக்குநர் அரை மணி நேரம் பேசினார். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து துல்லியம் என்றார். விசாரணை நடத்தும் குழுவின் தலைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பச்சை மலை திரை முழுக்க நின்றது.

என் முறை வந்தது. எழுந்தேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "அம்மா, அறிக்கையில குளம்னு ஒண்ணு வருது. அதைக் கொஞ்சம் படிக்கச் சொல்லுங்க."

தலைவியே படித்தார். நிமிர்ந்தார். "இந்த வெயில்லயா? நேர்ல பார்த்தீங்களா?" என்று இயக்குநரைக் கேட்டார்.

"ஊற்றா இருக்கலாம்," என்றார் இயக்குநர்.

அதற்கு மேல் அக்காவால் பொறுக்க முடியவில்லை. எழுந்துவிட்டாள். கூட்டத்துக்கான குரல். "அம்மா, அந்தக் குளம் ரெண்டும் என்னுது! வாடகைக்கு வேணும்னா ஒரு நாள் முன்னாடி சொல்லணும்!"

கூடமே அதிர்ந்தது. தலைவி மேசையைத் தட்டினார், ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் தட்டினார். மாமா ஒரு தார்ப்பாய்த் துண்டைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பயந்த மாமா! அதைத் தூக்கிக் காட்டினார்.

பிறகு நான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று நினைக்கிறேன். மூலப் படத்தைப் போட்டு, நீலத்திலிருந்து நீலத்துக்குக் கோடு இழுத்தேன். குவாரியின் பொறியாளர் எழுந்து, அந்த வெள்ளை மேகம் என்றார்.

"சரி சார். நிழலைக் காட்டுங்க."

திரையின் முன்னால் போய் நின்றார். தேடினார். நான் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருப்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். கடைசியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

மே 15

மெமோ வந்தது, விளக்கம் கேட்டு. ஒரு வரியில் பதில் எழுதினேன்: விளக்கம் படத்தில் இருக்கிறது.

ஜூன் 21

நீட்டிக்க அனுமதி இல்லை. எல்லையைத் தாண்டித் தோண்டியதற்கு வேலையை நிறுத்தவும் உத்தரவு. அக்கா போனில் உத்தரவை முழுசாகப் படித்துக் காட்டினாள், முத்திரையில் இருப்பது வரைக்கும்.

போன மலை போனதுதான். அதை நினைத்தால் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

ஆகஸ்ட் 2

இன்னும் அடித்தளத்தில்தான் இருக்கிறேன். இயக்குநர் இன்னும் மேலேதான் இருக்கிறார். ஆனால் குழு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறது: இயந்திரம் மேகம் என்று சொல்வதையும், புதிதாக எதையாவது கண்டுபிடித்ததாகச் சொல்வதையும் ஓர் ஆள் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே அறிக்கை வெளியே போக வேண்டும். அந்த ஆள் நான். ஆகவே படங்களெல்லாம் படியிறங்கிக் கீழே வருகின்றன. வரட்டும். மின்விசிறி ஒன்று கேட்டு வாங்கியிருக்கிறேன்.

இன்று காலைப் படம். வெள்ளைத் திட்டு ஜூனில் இருந்த அளவிலேயே நிற்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த நீலத் திட்டு மட்டும் இன்னும் இருக்கிறது.

போன் போட்டேன். "ஏன்க்கா, ஒண்ணை எடுக்கலையா?"

"எடுக்க மாட்டேன். அவனோட பாறை உடைக்கிற மெஷின் இன்னும் மலை மேலதான் நிக்குது. அது இறங்கட்டும், அப்புறம் மடிக்கிறேன்."

இயந்திரம் அதன் மேல் வழக்கம் போல எழுதியிருந்தது: குளம். அதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'அக்காவின் தார்ப்பாய்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினேன்.