அரிசி மூட்டைக்கு ஒரு பெல்ட்

கே.ஜி.கண்டிகை,
தை மாதம், வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் அனிதாவுக்கு,

உன் நைனா தேசப்பன் தன் கையாலேயே எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுதவில்லை. இந்தக் கடிதத்துக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது. நானும் அம்மாவும் சுகம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமா? அங்கே குளிர் அதிகம் என்று உன் அண்ணன் குணசேகரன் சொன்னான்.

நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் ஹேமாவதி டீச்சர் முதியோருக்குப் பாடம் நடத்துகிறாள். ஏழு மாதமாகப் போகிறேன். இப்போது பஸ்ஸின் பலகையைப் படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டேன். கடைப் பையன் கைநாட்டுக்கு எடுத்த மை டப்பாவை மூடி வைத்துவிட்டான்.

போன மாதம் டீச்சர் ஒரு செய்தித்தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். பதினான்கு வயது ஆகாத பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ போடாமல் காரில் கூட்டிப்போனால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று போட்டிருந்தது. தாத்தா மடியில் இருந்தால் பரவாயில்லை என்று எங்காவது இருக்கிறதா என இரண்டு முறை தேடினேன். இல்லை. சாமிக்கு நேர்ந்த பிள்ளைக்கும் உண்டா என்று கேட்டேன். “எல்லாப் பிள்ளைக்கும்தான் தாத்தா” என்றாள்.

அந்தச் செய்தித்தாளை மடித்து வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

போன வைகாசியில் பாப்பாவுக்கு மொட்டை போடத் தணிகை மலைக்குப் போனோமே, நேர்ந்துகொண்ட பிள்ளையைக் கட்டிப்போட்டுக் கூட்டிப்போனால் சாமி ஏற்காது என்று நான்தான் நீ காரில் பொருத்திய குழந்தை சீட்டின் பெல்ட்டைக் கழற்றினேன். “வேணா நைனா” என்று நீ சொன்னாய். “என் மடிய விடவா இந்த நாற்காலி ஒசத்தி?” என்று கேட்டு உன் வாயை அடைத்தேன். இரண்டாவது வளைவில் குரங்கு குறுக்கே பாய்ந்தது. அண்ணன் பிரேக் போட்டான். என் கை பிடிக்கவில்லை, அனிதா. பாப்பா நெற்றியில் மூன்று தையல். மொட்டை போடாமலே திரும்பினோம். மறுநாளே அரக்கோணத்தில் ரயில் ஏறிவிட்டீர்கள்.

சீட்டு இங்கேயேதான் இருக்கிறது. துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். பாப்பா இப்போது பதினாலு கிலோ என்று அம்மாவிடம் போனில் சொன்னாயாமே. பதினாலு கிலோ அரிசியை மூட்டையாகக் கட்டி, அண்ணன் காரில் அந்த சீட்டில் உட்காரவைத்து, பெல்ட் போட்டு, மலைக்கு ஓட்டச் சொன்னேன். “இன்னா நைனா, அரிசிக்கு மொட்ட போடப் போறியா?” என்று குணசேகரன் கேலி செய்தான். “ஆங், போடறேன், நீ ஓட்டு” என்றேன். பின்னால் வண்டி இல்லாத நேரம் பார்த்து அதே வளைவில் பிரேக் போடச் சொன்னேன். நான் முன்னால் குலுங்கினேன். மூட்டை அசையவில்லை. திரும்பத் திரும்ப மூன்று தடவை பார்த்தோம்.

“நாப்பது வருசமா நானும் கூட வர்றேன், என்ன ஒரு நாளாவது இப்பிடிப் பத்திரமா இட்டுகினு போனியா?” என்று உன் அம்மா கேட்கிறாள்.

நான் ஆயுசு முழுக்கப் படிக்காமல் இருந்து இப்போது தெரிந்துகொண்டதை, நீ அன்றைக்கே தெரிந்து வைத்திருந்தாய். இதெல்லாம் தெரிந்தவள் என் மகள் என்று வகுப்பில் எல்லாரிடமும் சொன்னேன்.

மாசியில் வாம்மா. வேண்டுதல் பாக்கி இருக்கிறது. பெல்ட்டை நீயே போடு, நான் அதைத் தொடமாட்டேன். முன் சீட்டில் என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சும்மா வருகிறேன். மொட்டைக்கு மாமன் மடி இருக்கிறது. என் மடி காலியாகவே இருக்கட்டும், பாப்பா தானாக வந்து உட்காருகிற வரைக்கும்.

தணிகை முருகன் உங்கள் மூவரையும் காக்கட்டும்.

உன் நைனா,
மு. தேசப்பன்
(இது என் கையெழுத்து. மாப்பிள்ளையிடம் காட்டு.)