கரையில் கட்டிய தீவு

21 ஜனவரி 1987, புதன்

இன்றும் அண்டாவில்தான் போனேன். நெல் அவிக்கிற அண்டா. அதற்குள் நான், என் மடியில் தடுப்பூசிப் பெட்டி, பெட்டிக்குள் சங்கரன்கோவில் சர்பத் கடைக்காரரிடம் கெஞ்சி வாங்கிய ஐஸ். துரைப்பாண்டி நீந்திக்கொண்டே அண்டாவைத் தள்ளினான். 'ஆடாம இரிங்க நர்சம்மா, கவுந்துரும்' என்று வழியெல்லாம் ஒரே பாட்டு. நானா ஆடினேன்? அரசாங்கம் எனக்குப் பயணப்படி தருகிறது. பஸ்சுக்கு உண்டு, சைக்கிளுக்கு உண்டு. அண்டாவுக்குக் கிடையாதாம்.

ஊர் பேர் நடுத்திட்டு. பெரிய குளத்துக்கு நடுவில் ஒரு மேடு, மேட்டில் வீடுகள். ஐப்பசியில் குளம் பெருகினால் நாலு பக்கமும் தண்ணீர். மாசி வாக்கில் வற்றி வழி தெரியும். அதுவரை பிள்ளைகளுக்குக் குளத்தங்கரையில் இருக்கிற கரையூர்ப் பள்ளிக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. கரிசல் காட்டுக்குள் தீவா என்று ஆபீசில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், சம்பளம் வாங்குகிற வாய்.

துரைப்பாண்டியின் மூத்த மகன் மூக்காண்டி போன கார்த்திகையில் வயிற்றாலே போயே செத்தான். அன்று குளம் நிரம்பி மறுகால் பாய்ந்துகொண்டிருந்தது, அண்டாவை இறக்க முடியவில்லை. நான் கரையில் நின்றேன். அவன் அம்மா ஆறுமுகத்தாய் திட்டில் நின்றாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே இரு என்று தொண்டை கிழியக் கத்தினேன். காற்று எதிர்க்காற்று. அவள் காதில் ஒன்றும் விழவில்லை.

இப்போது அவளுக்கு இருப்பது கோமதித்தாய் ஒருத்திதான். கைக்குழந்தை. இந்தப் பிள்ளையையாவது அடுத்த மழை தாண்ட வைத்துவிட வேண்டும். வேறு எந்த லட்சியமும் எனக்குக் கிடையாது, எழுதி வைத்துக்கொள்கிறேன்.

9 பிப்ரவரி

ஆபீசில் குமாஸ்தா சங்கரசுப்பு கூப்பிட்டு, வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, ரகசியம் போலச் சொன்னார். கடலோரத் தீவுகளில் உள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு திட்டம் வந்திருக்கிறதாம். பால்வாடி, மருந்து, தங்குவதற்கு ஒரு நர்ஸ், போகவர ஒரு படகு. நம் ஜில்லாவில் தீவு தேடிக் கிடைக்காமல் முழிக்கிறார்களாம்.

'நாலு பக்கமும் தண்ணி இருந்தா தீவு. பெரிய ஆபீசர் வந்து பாக்கும்போது தண்ணி நிக்கணும், அம்புட்டுதான்.'

நானும் பூகோளம் படித்தவள்தான். 'ஆபீசர் பார்க்கும்போது' என்று அதில் போட்ட ஞாபகம் இல்லை. இருந்தாலும் படகு என்ற சொல்லைக் கேட்டதும் மனசு கொஞ்சம் ஆடித்தான் போயிற்று.

24 பிப்ரவரி

இவர்களை என்ன சொல்லித் திட்டுவது?

ஆபீசர் எப்போது வருவார் என்று தெரியாது. அதற்குள் குளம் வற்றிவிட்டால் தீவு போய்விடும். கரையூர் பிரசிடெண்ட் காசிராஜன் திட்டுக்காரர்களைக் கூட்டி யோசனை சொல்லியிருக்கிறார் - மடையை அடைத்துவிடுங்கள், தண்ணீர் நிற்கும். அவர்களும் தேங்காய் உடைத்து, சாமி கும்பிட்டு, பயபக்தியாக அடைத்துவிட்டார்கள்! அந்த மடைத் தண்ணீரில் பாய்வது இவர்களுடைய வயல். நெல் பால் பிடிக்கிற நேரம். காசிராஜன் வயலுக்கு பம்ப்செட் இருக்கிறது, அவருக்கு என்ன?

துரைப்பாண்டியிடம் கேட்டேன். 'ஒரு வெள்ளாம போனா போவட்டும் நர்சம்மா, படகு வந்துரும்லா' என்றான். முகமெல்லாம் சிரிப்பு.

4 மார்ச்

ஆபீசர் வரவில்லை.

11 மார்ச்

வரவில்லை. மேலிடத்தில் மீட்டிங்காம்.

17 மார்ச்

மற்ற வருஷமாக இருந்தால் இந்நேரம் பிள்ளைகள் புழுதி பறக்கப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். இந்த வருஷம் மாசி முடிந்து பங்குனி பிறந்தும் திட்டிலேயே உட்கார்ந்திருக்கின்றன. பிள்ளைகளைக் கரை சேர்க்கிற திட்டத்துக்காகப் பிள்ளைகளைத் தண்ணீருக்குள் அடைத்து வைத்திருக்கிற அறிவாளிகளை நான் வேறெங்கும் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் நெடுநாள் வரவில்லை என்று பேரை அடித்துவிட்டார்கள். பெரிய வாத்தியாரிடம் போய்ச் சண்டை போட்டேன். 'வராத பிள்ளைக்கு நான் என்னம்மா செய்ய?' என்கிறார். ஜன்னலைத் திறந்தால் குளம் தெரிகிற பள்ளிக்கூடம்!

20 மார்ச்

இப்போதுதான் வீடு வந்து சேர்ந்தேன்.

கோமதித்தாய்க்கு வயிற்றாலே. ஆறுமுகத்தாய் பிள்ளையை அண்டாவில் வைத்துத் தானே தள்ளிக்கொண்டு வந்தாள், துரைப்பாண்டி வேலைக்குப் போயிருந்தான். பாதி வழியில் பிள்ளை துவண்டுவிட்டது. கரைக்கு வந்து அவள் கூப்பிட்ட கூப்பாடு - யா அல்லா, கேட்க முடியாது. நான் இன்று கரையூரில் இருந்ததால் ஆயிற்று. சங்கரன்கோவிலில் பஸ் தவறியிருந்தால்? கண் குழி விழுந்து, நாக்கு காய்ந்து கிடந்தது. உப்புச் சர்க்கரைத் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகச் சாயங்காலம் வரை இறக்கினோம். பிள்ளை ஒன்றுக்குப் போனபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆறுமுகத்தாய் நனைந்த சேலையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

22 மார்ச்

ஆறுமுகத்தாய் மடையைத் திறந்துவிட்டாள்!

பூசை இல்லை, தேங்காய் இல்லை, ஆம்பிளைகளுக்குச் சொல்லவும் இல்லை. பொழுது விடிய இறங்கி, மடைக்கட்டையைத் தோளால் முட்டித் தூக்கிவிட்டாள். தண்ணீர் கருகின வயலில் போய்க் கொட்டுகிறது. ஊரே கூடி ஏசியிருக்கிறது. காசிராஜன் வந்து, 'பொட்டச்சி மடையத் தொடலாமாட்டி? வந்த திட்டத்தக் கெடுத்துட்டியே' என்று குதித்தாராம்.

அவள் சொன்னாளாம்: 'ஒரு பிள்ளைய நெசத் தண்ணிக்குக் குடுத்தாச்சு. இன்னொண்ண ஒம்ம வேசத் தண்ணிக்குக் குடுக்க மாட்டேன் வே.'

பிரசிடெண்டை 'வே' என்றுவிட்டாள். அதைத்தான் கரையூர் முழுக்கப் பேசுகிறது. பிள்ளை பிழைத்ததைப் பற்றி ஒருத்தரும் பேசக் காணோம்.

31 மார்ச்

ஆபீசர் வந்தார். எப்போது? குளம் வடிந்து சகதியாகக் கிடக்கும்போது.

ஜீப் பாதித் தூரத்தில் புதைந்தது. இறங்கிக் காலை வைத்தார், காலை எடுத்தார், ஷூ வரவில்லை. திட்டுக்காரர்கள் கட்டிலில் உட்காரவைத்துத் தூக்கிவந்தார்கள். ஒரு காலில் ஷூவோடு பவனி. சிரிப்பை அடக்குவதற்காக நான் தடுப்பூசிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

'தீவுன்னு எழுதியிருக்கு. தண்ணி எங்க?' என்றார்.

'வடிச்சுட்டோம் ஐயா' என்றாள் ஆறுமுகத்தாய். 'பிள்ளைக பள்ளிக்கூடம் போகணும்லா.'

அவருக்குப் புரியவில்லை. புரிவதற்குள் காசிராஜன் உள்ளே நுழைந்துவிட்டார். 'ஐயா, இங்கன கட்டுனா ஒங்கள மாதிரி பெரியவங்க வந்து பாக்கதுக்கு செரமம். கரையூர்ல எடம் நான் தாரேன். அங்கனயே கட்டிருவோம்.'

ஆபீசர் தன் சகதிக் காலைப் பார்த்தார். போகவர முடியாத இடம்தான் என்று உடனே ஒப்புக்கொண்டார். கரையிலே கட்டுவதானால் படகு எதற்கு என்று அதையும் அப்போதே அடித்துவிட்டார். ஒரு ஷூவுக்கு ஒரு படகு சரியாய்ப் போயிற்று.

12 மே

கரையூரில் குழந்தைகள் மையத்துக்குக் கால்கோள் விழா. எனக்கு நோன்பு. வெயிலில் நிற்கவைத்து, கலர் பாட்டிலை உடைத்து நீட்டுகிறார் சங்கரசுப்பு. மறுத்ததற்கு, 'ஒங்களுக்கு இதுல சந்தோசமே இல்லையாம்மா?' என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

10 ஆகஸ்டு

ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டம் இப்போதுதான் வடிந்திருக்கிறது, சங்கரன்கோவில் தெருவில் நடக்க முடிகிறது. கடையநல்லூரிலிருந்து அண்ணன் வந்தார். 'மாறுதல் கேட்டு நம்மூர்ப் பக்கம் வந்துரு அலிமா, உம்மாவும் தேடுதா. அந்தக் காட்டுல ஒனக்கு என்ன கெடக்கு?' என்கிறார். கேட்டால் கிடைக்கும்போல இருக்கிறது. யோசிக்கிறேன்.

மையத்துக்குக் கூரை போட்டாயிற்று. உள்ளே காசிராஜன் வீட்டு உளுந்து காய்கிறது.

12 அக்டோபர்

போர்டு மாட்டிவிட்டார்கள். 'தீவுக் குழந்தைகள் நல மையம்.' நீல எழுத்து. அந்தப் பக்கம் காசிராஜன் வீடு, இந்தப் பக்கம் ரைஸ்மில், எதிரே பஸ் ஸ்டாப். எந்தத் தீவு, எந்தக் குழந்தை? போர்டைப் படித்துவிட்டு பஸ்சில் போகிறவர்கள் கடல் எங்கே என்று எட்டிப்பார்க்கிறார்கள்.

திறப்பு விழா அடுத்த மாதமாம். அதற்குள் குளம் பெருகிவிடும் என்றேன். 'பெருகட்டும், மையம் கரையிலதான இருக்கு' என்கிறார் சங்கரசுப்பு. சத்தியமாக விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

26 அக்டோபர்

மழை. குளம் முக்கால்வாசி.

கரையில் நின்று கத்துவது என்றால் போன வருஷமே கத்தியாயிற்றே. யாருக்குக் கேட்டது?

29 அக்டோபர்

சங்கரன்கோவில் வீட்டைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டு மீரா பீவியிடம் கொடுத்தேன். 'எங்க போறிய, கடையநல்லூருக்கா?' என்றாள். இல்லை என்றேன். மாறுதல் விண்ணப்பம் எழுதவே இல்லை, அண்ணன் ஏசுவார்.

மருந்து, உப்பு, சர்க்கரை, சிலேட்டு, தொழுகிற முசல்லா, ஒரு பெட்டி. அண்டா தாழ்ந்து தாழ்ந்து வந்தது. 'இந்தத் தடவ ஆடுனா ரெண்டு பேரும் சலசமாதிதான் நர்சம்மா' என்றான் துரைப்பாண்டி. நான் தங்குவதற்கு ஆறுமுகத்தாய் தன் வீட்டுச் சாய்ப்பை மெழுகி வைத்திருக்கிறாள். தலைமையிடத்தில் தங்கவில்லை என்று மெமோ வரும். வரட்டும். அதைக் கொண்டுவருகிறவனும் அண்டாவில்தான் வரவேண்டும்.

9 நவம்பர்

மறுகால் பாய்கிறது. இனி யாரும் போகவும் முடியாது, வரவும் முடியாது. இரண்டு பிள்ளைகளுக்கு வயிற்றாலே. அம்மாக்களே உப்புச் சர்க்கரைத் தண்ணீர் கலக்குகிறார்கள், நான் சும்மா உட்கார்ந்து அதட்டுகிறேன். இரண்டும் இப்போது ஓடி விளையாடுகின்றன. காலையில் சிலேட்டு. எனக்கு வாத்தியார் வேலை வராது. இவர்களுக்கு அது தெரியாததால் ஓடுகிறது.

18 நவம்பர், புதன்

இன்று திறப்பு விழா. அக்கரையில். விடிந்ததிலிருந்து மைக் செட் அலறுகிறது. காற்று இன்று இந்தப் பக்கம், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கிறது. பிள்ளைகள் சிலேட்டை வைத்துவிட்டுத் திட்டின் விளிம்பில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். வண்ணக் காகிதம் கட்டியிருப்பது இங்கிருந்து தெரிகிறது.

காசிராஜன் பேசினார். ஆபீசர் பேசினார், தீவு மக்களின் துயரம் தன் நெஞ்சை உருக்கியதாம். பிறகு, 'செவிலியர் அலிமா பீவி அவர்கள் உடனே மேடைக்கு வரவும்.' மறுபடியும், 'செவிலியர் அலிமா பீவி அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்.' சங்கரசுப்பு குரல்தான்.

'ஒங்களத்தான் கூப்பிடுதாவ' என்றாள் ஆறுமுகத்தாய், கோமதித்தாயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு.

'கூப்பிடட்டும்.'

அப்புறம் மைக்கில் கரகரவென்று, 'இப்போது தீவுக் குழந்தைகள் இறைவணக்கம் பாடுவார்கள்.'

மைக் இரைந்துகொண்டே இருந்தது. அங்கே பாட யார் இருக்கிறார்கள்? நான் வாய்விட்டுச் சிரிக்கப் போனேன். அதற்குள் இங்கே பிள்ளைகள் தங்களைத்தான் சொல்கிறார்கள் என்று எழுந்து, கால்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வரிசையாக நின்று, தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். சுதி சேரவில்லை. கடைசி வரை பாடினார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானம் கோமதித்தாய்க்குப் பேதி இல்லை, காய்ச்சல் இல்லை. கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள்.