அடையாளம்: முன்பல்

6.6.88 திங்கள்
வெயில். கரண்ட் இரண்டு முறை போனது. ஏரியூரிலிருந்து ஒரு பெரியவர், காணாமல் போன மகனைத் தேடி. மகன் கையில் செம்பு மோதிரமாம்.

அடையாளம் தெரியாத பிணங்களின் குறிப்புகள் எல்லாம் இப்போது எங்கள் ஜில்லா போலீஸ் ஆபீஸ் கம்ப்யூட்டரில். ‘மோதிரம்’ என்று கேட்டால் ஒவ்வொரு குறிப்பையும் முழுக்கப் படிக்கிறது, பிறகு கிடைத்ததைத் தேதிவாரியாக அடுக்குகிறது. முக்கால் மணி நேரம். பெரியவருக்கு நாலு மணி பஸ். “வியாழக்கிழமை வர்றனுங்க.” அவர் போன பிறகு பட்டியல் வந்தது. நாலாவது வரியில் செம்பு மோதிரம்.

7.6.88 செவ்வாய்
யோசனை: குறிப்பிலுள்ள சொற்களைத் தனித்தனியாகப் பிரித்து இன்னொரு பைலில். சொல், தேதி, பிண எண். அதைச் சொல்வாரியாக, ஒரே சொல்லுக்குள் தேதிவாரியாக முன்கூட்டியே அடுக்கிவிட்டால், படிக்கவும் வேண்டாம், பிறகு அடுக்கவும் வேண்டாம். நேராக அந்தச் சொல்லுக்கே போகும்.

சோப்பு, பேட்டரி வாங்க மறந்தேன்.

8.6.88 புதன்
முடிந்தது. சொற்பட்டியலை அச்செடுத்தோம். குறிப்புகள் இங்கிலீஷில் என்பதால் அந்த எழுத்து வரிசையில் பனியன், பெல்ட், பட்டன், சீப்பு. டைப்பிஸ்ட் மெஹருன்னிசா பார்த்துவிட்டு, “செத்தவங்க சாமானையெல்லாம் எடுத்து அடுக்கி வச்ச மாதிரி இருக்குதுங்க சார்.”

வீட்டில் அம்மா: “அந்த மிசின்ல நம்ம சேகர தேடிப் பாத்தியாடா?”
“ரொம்ப நேரம் ஆகும்மா.” இன்று அது பொய்.

9.6.88 வியாழன்
பெரியவர் வந்தார். தேட நாலு நொடி. வயது, சட்டை எல்லாம் ஒத்துப்போனது. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “அந்த மோதிரத்தக் குடுப்பாங்களா?” மெஹருன்னிசா எழுந்து வெளியே போய்விட்டாள்.

10.6.88 வெள்ளி
ஆறு வருடமாக யாரிடமும் சொல்லாதது. தம்பி சேகர் காணாமல் போன அன்று, மாரண்டஹள்ளி பஸ் ஸ்டாண்டில் வைத்து அவனை அடித்தேன். மேல் முன்பல் பாதி உடைந்தது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினான். வீட்டுக்கு வரவே இல்லை. அம்மாவிடம் சொன்னது: நான் அவனைப் பார்க்கவில்லை.

தேடல் மெதுவாக இருந்தவரை எனக்கு வசதி.

எல்லோரும் சாப்பிடப் போனபோது ‘பல்’ என்று அடித்தேன். மூன்று வரிகள். இரண்டாவது: 1982, பொம்மிடி, ரயில் பாதை ஓரம். ஆண், வயது சுமார் இருபது. மேல் முன்பல் பாதி உடைந்தது.

மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை.

12.6.88 ஞாயிறு
பொம்மிடி. தூறல். போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டு பழைய போட்டோவை எடுத்து வந்தார். சேகர்தான்.
“உங்களுக்கு என்ன வேணுங்க இவரு?”
“தம்பி.”
டீ சொன்னார். குடித்தேன்.

மாலை வீடு. அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். ரயில், போட்டோ, பல், எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு, “பல்லு ஒடஞ்சிருந்துச்சா?”
“ஆமாம்மா. மேல முன்பல்லு.”
அம்மாவின் முகம் தெளிந்தது. “அப்ப அது வேற யாரோடா. வூட்ட விட்டுப் போறப்ப அவனுக்குப் பல்லெல்லாம் நல்லாத்தான இருந்துச்சு.” அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

அப்படியே விட்டிருக்கலாம்.

“நான்தாம்மா ஒடச்சேன்.”
கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.
“எதுக்குடா?”
என் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப் போனான் என்றேன்.