கண்ணாடி மூடி போட்ட போன்

அன்புள்ள ருயிலானுக்கு,

உன்னைக் கேட்காமல் வாங்கி, நீ கோபித்துக்கொண்டு லுவோயாங்கில் உன் அம்மா வீட்டுக்குப் போகக் காரணமான அந்த போனில்தான் உனக்குச் செய்தி எழுதினேன். திரையில் குச்சியால் எழுதினால் அதுவே படித்துக்கொள்ளும்; நான் முதலில் கண்ணாடி மூடியைத் திறக்காமல் அதன்மேலேயே எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கடை குய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மூடியைத் திறந்து "வீட்டுக்கு வா" என்றுதான் எழுதினேன். என் கையெழுத்து உனக்குத் தெரியுமே. நம் சீன எழுத்தில் வீட்டுக்கும் கல்லறைக்கும் ஒரு புள்ளி இருக்கும் இடம்தான் வித்தியாசம்; அது இடம் மாறியதில் போன் அதைக் "கல்லறைக்கு வா" என்று படித்துவிட்டது. பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

உடனே உன் அம்மா கூப்பிட்டார். "ஏன் மாப்பிள்ளே, என் பொண்ணு உயிரோட இருக்கறது புடிக்கலையா?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். அவருக்குப் பின்னால் நீ சிரிப்பது கேட்டது.

அதற்கப்புறம் அவர் திட்டியது எதுவும் காதில் ஏறவில்லை. ஞாயிறு காலை ரயிலில் வருகிறேன். கதவை நீயே திற. உன் அம்மா கையில் கரண்டி இருக்கும்.

இப்படிக்கு,
தனியாக நூடுல்ஸ் தின்று அலுத்தவன்