நாடகத்தில் விழாத விளக்குக்காரர்

ஜூன் 3
இதில் எல்லாவற்றையும் நடந்தபடியே எழுதுவேன், எனக்கு அவமானமாக இருந்தாலும் சரி. முதல் உண்மை: எங்கள் வாசகர் வட்டத்தில் நான்தான் சின்னவள், அதிகம் பேசுபவளும் நான்தான். இசை நாடகங்களின் மூல நாவல்களைத் தேடிப் படிப்பதுதான் எங்கள் வேலை. இந்த மாத நாடகம் அப்பா வேலை செய்யும் அரங்கிலேயே நடக்கிறது. அப்பா அங்கே விளக்குக்காரர். கதையிலும் ஒரு விளக்குக்காரர் வருகிறார்! நாடகத்தில் அவருக்குக் கடைசியில் கல்யாணம்.

ஜூன் 5
நாவலில் செத்துப்போகிறார். மேடைக்கு மேலே, விளக்குகள் தொங்கும் இரும்புப் பலகையில் நடக்கும்போது இடுப்புக் கயிற்றின் கொக்கியைக் கழற்றுகிறார், விழுகிறார். அடுத்த வரி: பாட்டு நிற்கவில்லை.

ஜூன் 7
முடிவை ஏன் மாற்றினார்கள் என்று வட்டத்தில் கேட்டேன்.
“டிக்கெட் வாங்கினவங்கள அழவெச்சா அனுப்புவாங்க?” என்றார் நூலகர் அக்கா.
“நாவல் எழுதினவரு மட்டும் ஏன் கொன்னாராம்?” என்றார் தையல்கார மாமா.
“அவன் கொக்கியக் கழட்டிட்டான். அவரு என்ன பண்ணுவாரு?” என்றார் அக்கா.
எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 8
அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். ஒத்திகை. அப்பா மேலே பலகையில் நின்றார். கடைசிப் பாட்டுக்கு ஓரத்து விளக்கைக் கையால் திருப்ப வேண்டும். கயிறு அதுவரை எட்டவில்லை. அப்பா கொக்கியைக் கழற்றினார்.
“அப்பா!”
“கத்தாதடி, குட்டிப் பேராசிரியை. நாலடிதானே!”

ஜூன் 9
கதைதானே? கதைதான். அப்புறம் ஏன் கண்ணை மூடினாலே அந்த நாலடி வருது? அம்மாகிட்ட சொன்னா, படிச்சுப் படிச்சு மண்டை குழம்பிடுச்சும்பா. சொல்லல.

ஜூன் 10
அப்பா சவரம் செய்துகொண்டிருந்தபோது விளக்குக்காரர் விழும் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். நுரை முகத்தோடு திரும்பினார்.
“நாடகத்துல இது இல்லையே?”
“எடுத்துட்டாங்கப்பா.”
மறுபடி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார். கோபமா?

ஜூன் 13
மூன்று நாளாக நான் எழுவதற்குள் அப்பா வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்.

ஜூன் 14
வட்டத்தோடு நாடகத்துக்குப் போனேன். மேடையைப் பார்க்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் பாட்டு. அப்பா நடந்தார். கயிறு இழுத்துப் பிடித்தது. நின்றார். விளக்கு திரும்பவில்லை. பாடகி அரை இருட்டில் பாடினார்.
“விளக்குக்காரர் தூங்கிட்டாரா?” என்றார் தையல்கார மாமா.
நான் அழுதது அந்த இருட்டில் யாருக்கும் தெரியவில்லை.
முடிந்ததும் மேனேஜர் கத்தினார். “பாடகி மூஞ்சியே தெரியலய்யா!”
“கயித்த நாலடி நீட்டிக் குடுங்க சார், தெரியும்,” என்றார் அப்பா.

இப்போது அறை வாசலில் நிற்கிறார். “எழுதினது போதும், பேராசிரியை.” ஒரே ஒரு வரி அப்பா என்றேன். விளக்கை அணைத்துவிட்டார். இந்த வரி கோணலாகத்தான் இருக்கும்.