மூன்று தவணை பாக்கி

கார்த்திகை 10, வியாழன்

தூறல். காகிதம் நமத்துப்போய் மெஷினில் ஓடவில்லை. மதியம் வரை அச்சகத்தில் சும்மா. பிறகு தினசரி காலண்டர், அடுத்த ஆண்டு ஜூன் மாதத் தாள்கள், பிழை பார்த்தல். கடைசி நேர ஆர்டர். அடுத்த ஆண்டு வரப்போகிறது என்று ஒரு நகைக்கடைக்காரருக்கு இப்போதுதான் தகவல் போயிருக்கிறது.

நான்கு ஆண்டு மின்னணுப் பொறியியல், அதற்கு ஒரு வங்கிக் கடன். இப்போது திருத்தங்கலில் உட்கார்ந்து ராகு காலம் சரியான கட்டத்தில் விழுந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பாடத்திட்டத்தில் இல்லை. ஆனாலும் சமாளிக்கிறேன்.

பாக்கி: மூன்று தவணை. தவணைக்கு ரூ. 6,200. தை மாதம் கடைசி. அதோடு அம்மாவும் பட்டாசு வேலையை விடுகிறாள். அவள் வாயால் சொன்னது: “நீ பேங்க்க முடி. நான் பட்டாச முடிக்கேன்.”

அம்மாவுக்கு மருந்து அறையில் வேலை, காகிதக் குழாயில் வெடிமருந்து அடைப்பது. அறைக்கு நான்கு பேர்தான் என்று சுவரில் எழுதியிருக்கிறது. எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டால் “நாலு பேருதான்” என்பாள், உடனே. வேறு எந்தக் கேள்விக்கும் அவள் இவ்வளவு வேகமாகப் பதில் சொன்னதில்லை.

அப்பா திருப்பூரில். அவரைப் பற்றி எழுத இந்த நோட்டு வாங்கவில்லை.

கார்த்திகை 11, வெள்ளி

வெயில். பஸ்ஸில் நின்றபடி. ஆமத்தூரில் ஏறிய இரண்டு பெண்கள், முன்னால்:

“அங்கன எம்புட்டு குடுக்காக?”

“இருவதுன்னாக.”

“எங்க கம்பெனில பதினஞ்சுக்கே மூக்கால அழுதாக.”

“வாங்கிட்டா அடுத்த தீவாளி வரைக்கும் அசைய முடியாதுல்லா.”

“இல்லன்னா எங்க அசையப் போற, சிங்கப்பூருக்கா?”

தீபாவளி லீவு முடிந்து பட்டாசு ஆலைகள் திறக்கிற நேரம். ஆளைப் பிடித்து வைக்கப் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று அட்வான்ஸ் கொடுப்பார்கள். வாங்கினால் அடுத்த தீபாவளி வரை அந்தக் கம்பெனி ஆள். வட்டி இல்லை, படிவம் இல்லை. ஜாமீனுக்கு உடம்பு போதும்.

மாலை வங்கியிலிருந்து போன். ஒழுங்காகக் கட்டுகிறேனாம், அதனால் இன்னொரு கடன் தர ஆசைப்படுகிறார்கள். நன்னடத்தைக்காகத் தண்டனையை நீட்டிக்கிற இடம் இது ஒன்றுதான்.

வாங்க: தே. எண்ணெய், செருப்புக்கு வார், அம்மாவுக்கு இருமல் மருந்து.

கார்த்திகை 14, திங்கள்

அரை நாள் லீவு. விருதுநகர், வங்கி. கையில் ரூ. 6,200. கவுண்டரில் இருந்தவர் கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“இது வெள்ளிக்கிழமையே முடிஞ்சிருச்சே. ஒங்க அம்மா வந்து மொத்தமா கட்டிட்டாகளே.”

கடனில் அம்மாவும் கையெழுத்து. கட்ட அவளுக்கு உரிமை உண்டு. கடன் முடிந்ததற்கான கடிதம் கொடுத்தார்கள். வரிசையில் பின்னால் நின்ற பெரியவர், நான் நகரவில்லை என்று முழங்கையால் தள்ளினார். மூன்று ஆண்டாக இந்த நிமிடத்தை எதிர்பார்த்திருந்தேன். முழங்கையை எதிர்பார்க்கவில்லை.

வீட்டில்:

“பணம் ஏது?”

“கம்பெனில அட்வான்ஸ் குடுத்தாக. இருவது.”

“வேலைய விடுதேன்னு சொன்னியே.”

“விடுவேன். அடுத்த தீவாளிக்கு.”

“எதுக்கும்மா?”

“பேங்க்ல வட்டி ஓடுதுல்லா. இங்கன அது இல்ல. கூட்டிக் கழிச்சுப் பாரு, படிச்சவதான.”

கூட்டிக் கழித்தேன். மிச்சமான வட்டி ரூ. 310. அதற்கு விலை மருந்து அறையில் இன்னும் ஓர் ஆண்டு. கணக்கில் பிழை கிடையாது. அதுதான் ஆத்திரம்.

அட்வான்ஸில் மீந்ததற்கு மிக்ஸி ரிப்பேர், எனக்கு ஒரு சுடிதார். நல்ல நிறம். சொல்லவில்லை.

கார்த்திகை 15, செவ்வாய்

பனி. காலை ஏழு, ஆலை கேட். அம்மாவை உள்ளே போகவிட்டு, போர்மேன் அண்ணாச்சியிடம் நான் மட்டும். கையில் இருக்கிறதை இன்று தருகிறேன், மீதியை இரண்டு மாதத்தில், அம்மா பேரை எடுத்துவிடுங்கள் என்றேன்.

“ஏம்மா, அட்வான்ஸு என்ன கைமாத்தா, திருப்பித் தாரதுக்கு? எனக்கு ரூவா வேண்டாம். ஆள் வேணும்.”

“தவணையாத் தாரேன் அண்ணாச்சி. எழுதிக் குடுக்கேன்.”

“தவணைக்கு நான் என்ன பேங்கா வச்சிருக்கேன்? பதிலுக்கு ஒரு ஆளக் கொண்டாங்க, பேர அடிச்சிருதேன்.”

சாயங்காலம் குழாயடியில் பக்கத்து வீட்டு மாரி மதினி. இரண்டு பிள்ளைகள், சின்னது இடுப்பில். செய்தி எனக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

“ஒங்க அம்மா எடம் காலியாகுதாமே. நான் போகட்டா?”

ஐந்து நிமிடம் யோசித்தேன். ஒரு குடம் நிரம்பும் நேரம். யோசித்தேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

“காலியாகல மதினி.”

“பெறகு ஊரெல்லாம் சொல்லுதாக?”

“ஊருக்கு வேற வேல இல்ல.”

கார்த்திகை 18, வெள்ளி

நேற்றும் முந்தாநாளும் கேட். இன்றும். கல்விக் கடன் கற்றுக்கொடுத்த தொழில்நுட்பம் ஒன்றே ஒன்று: அவர்கள் இல்லை என்று சொன்னாலும் மறுநாள் அதே முகத்தோடு போய் நிற்பது.

அண்ணாச்சி பைக்கை நிறுத்திவிட்டுப் பெருமூச்சு. “இன்னைக்குமா?”

“நாளைக்கும்தான்.”

சாவியைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு: “லோன முடிச்சிட்டீகளாமே. எம் பொண்ணு நர்சிங், மொத வருசம். பேங்க்ல மூணு தரம் பேப்பரத் திருப்பி விட்டுட்டான். என்னதான் கேக்கான்னே வெளங்கல.”

ஞாயிறு வருகிறேன், எல்லாக் காகிதத்தையும் எடுத்து வையுங்கள் என்றேன். அம்மா பேச்சை எடுக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. இருவருக்கும் அதே நினைப்பு.

கார்த்திகை 20, ஞாயிறு

அண்ணாச்சி வீடு. காப்பி, சேவு. மூன்று தரம் திரும்பி வந்த காரணம்: ஆதாரில் ஒரு இனிஷியல், மார்க் ஷீட்டில் வேறு இனிஷியல். பத்து நிமிட வேலை. அதைச் சொல்ல வங்கிக்கு மூன்று மாதம் போதவில்லை.

அண்ணாச்சி கையெழுத்துப் போடும் முன் நிறுத்தினேன். எப்போது கட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

“வேல கெடச்ச பெறகு கட்டினா போதும்னுல்லா சொன்னாக.”

“எங்களுக்கும் அதத்தான் சொன்னாக. வட்டி ரூவா வாங்குன அன்னைக்கே ஓட ஆரம்பிச்சிரும் அண்ணாச்சி. படிப்பு முடியுதப்போ அதையும் அசலோட சேத்துருவாக. பெறகு வட்டிக்கும் வட்டி.”

அங்கே கிடந்த பட்டாசு லேபிள் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினேன். என் கடன் எவ்வளவில் தொடங்கி எவ்வளவில் முடிந்தது என்றும். சேவுத் தட்டு அப்படியே இருந்தது. அண்ணாச்சியின் பெண்தான் முதலில் பேசினாள்.

“மாசாமாசம் வட்டிய மட்டும் கட்டிருவோம்ப்பா.”

புத்திசாலி. அவள் தப்பித்துவிடுவாள்.

வாசல் வரை அண்ணாச்சி வந்தார். “மூணு தவண. மூணாவது கைக்கு வந்த அன்னைக்கு ஒங்க அம்மா பேர அடிக்கேன். அதுவரைக்கும் பேக்கிங்ல இருக்கட்டும். மொதலாளிட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

எழுதித் தாருங்கள் என்றேன். முறைத்தார். எழுதித் தந்தார்.

ஆக, பத்து நாளில் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறேன். கடன்காரர் மட்டும் வேறு.

கார்த்திகை 21, திங்கள்

மேகமூட்டம். முதல் தவணை ரூ. 6,700 கொடுத்தாயிற்று. ரசீது கேட்டு வாங்கியாயிற்று. அச்சகத்தில் சீசன் முடியும் வரை ஓவர்டைம் கேட்டிருக்கிறேன். காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு.

அம்மாவுக்குப் பேக்கிங்கில் முதல் நாள். வந்ததிலிருந்து குறை. கூலி கம்மி. அட்டைப்பெட்டி கையை அறுக்கிறது. அங்கே இருக்கிற பெண்கள் காலையில் திறந்த வாயை மூடுவதில்லை.

“மருந்து ரூம்ல சத்தமே இருக்காது. ஒருத்தி பேச மாட்டா.”

“ஏன், பேசக்கூடாதா?”

“யாரு தடுத்தா? பயந்தான்.”

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டாள். பதினோரு வருடம் அந்த அறையில். இந்தச் சொல் வீட்டுக்குள் வருவது இன்றுதான்.

தைக்குள் ரூ. 13,300.